குண்டு விழுந்த கட்டங்களும் புவசோனின் கணக்கும்

1944 யூன் மாதம் முதல் ஜேர்மனியின் வி-1 பறக்கும் குண்டுகள் லண்டன் நகரில் விழத் தொடங்கின. சில பகுதிகளில் திரும்பத் திரும்ப விழுந்தன. பக்கத்துப் பகுதிகள் தப்பிக்கொண்டன. இடம் பார்த்துத்தான் அடிக்கிறார்கள் என்று பலர் நம்பினார்கள். ஷெல் விழுந்த ஊர்களில் வாழ்ந்த எங்களுக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஏன் எங்கள் ஒழுங்கைக்கு மட்டும்? தற்செயலா, குறிவைத்ததா?

லண்டனின் கேள்விக்கு விடை காண உதவிய கணக்கு, 107 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பிரெஞ்சு நூலில் வெளிவந்திருந்தது. அது போரைப் பற்றிய நூல் அல்ல, நீதிமன்றத் தீர்ப்புகளைப் பற்றியது. எழுதியவர் சிமியோன் டெனி புவசோன். உயர்தரத்துக்குப் பின் புள்ளிவிபரவியல் படித்தவர்கள் புவசோன் பரம்பல் என்ற பெயரைக் கேட்டிருப்பார்கள்.

புவசோன் 1781 யூன் 21ஆம் திகதி பிரான்ஸின் பிதிவியே என்ற சிறு நகரில் பிறந்தார். தந்தை சாதாரணச் சிப்பாயாக இருந்தவர். பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின்னர் உள்ளூர் நிர்வாகத்தில் அவருக்குப் பதவி கிடைத்தது. மகனைச் சத்திரசிகிச்சை வைத்தியராக்க விரும்பி, உறவினரான ஒரு வைத்தியரிடம் அனுப்பினார்கள். பையனுக்குக் கை நிதானமில்லை. வைத்தியம் சரிவரவில்லை.

கணிதம் சரிவந்தது. 1798இல் பாரிஸ் பொலிடெக்னிக் கல்லூரிக்கான அனுமதிப் பரீட்சையில் முதலிடம் பெற்றார். அங்கே லாப்லாஸ், லக்ராஞ்ச் போன்ற மேதைகளின் கவனம் அவர்மேல் விழுந்தது. படம் வரைவதில் மட்டும் பழைய கைக்கோளாறு தொடர்ந்தது. 1806இல் அதே கல்லூரியில் பேராசிரியரானார்.

தன் கருத்தில் பிடிவாதமானவர். ஒளி அலையாகச் செல்கிறது என்ற பிரெனலின் கொள்கையை அவர் ஏற்கவில்லை. அது உண்மையானால் வட்டமான பொருளின் நிழலின் நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி தெரியவேண்டும், அது நடக்காத காரியம் என்று கணக்குப் போட்டுக் காட்டினார். பரிசோதித்தபோது புள்ளி இருந்தது. இன்றும் அதற்குப் புவசோன் புள்ளி என்றே பெயர்.

1837இல் வெளியான நூலில் அவர் எடுத்துக்கொண்டது வேறு விடயம். பிரெஞ்சுக் குற்றவியல் நீதிமன்றங்களில் 12 ஜூரிகள் இருந்தார்கள். 7 பேர் குற்றவாளி என்றால் தண்டனை விதிக்கலாம். 1825 முதல் 1830 வரையான அரச பதிவுகளைப் பார்த்தால், குற்றஞ்சாட்டப்பட்ட 100 பேரில் சுமார் 61 பேர் தண்டிக்கப்பட்டிருந்தார்கள். ஆண்டுக்காண்டு சிறிய ஏற்ற இறக்கம்தான் இருந்தது. 1831இல் குறைந்தது 8 பேர் உடன்படவேண்டும் என்று விதி மாறியது. அந்த ஆண்டு வீதம் சுமார் 54 ஆக இறங்கியது. இந்த இறக்கம் வழமையான ஏற்ற இறக்கத்துக்குள் அடங்காது. அப்படியானால், முன்னர் ஒரேயொரு வாக்கினால் சிறை சென்றவர்களில் எத்தனை பேர் நிரபராதிகள்? தீர்ப்புகள் பிழைப்பதற்கான வாய்ப்பைக் கணக்கிட முயன்றார் புவசோன். மனிதரின் தீர்ப்பைக் கணிதத்தால் அளக்கலாமா என்று அப்போதே கடும் எதிர்ப்பு எழுந்தது.

அந்த நூலின் ஒரு மூலையில், அரிதாக நடக்கும் சம்பவங்களுக்கான ஒரு சூத்திரமும் இருந்தது. சராசரியை மட்டும் கொடுத்தால் போதும். தற்செயலாக நடந்தால் எத்தனை இடங்களில் ஒன்றும் நடக்காது, எத்தனை இடங்களில் ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை நடக்கும் என்று அது சொல்லிவிடும். அவரே அதைப் பெரிதுபடுத்தவில்லை. 1840 ஏப்ரல் 25ஆம் திகதி பாரிசுக்கு அருகே சோ என்ற ஊரில் காலமானார்.

1898இல் போர்ட்கேவிச் என்ற அறிஞர் அந்தச் சூத்திரத்தைத் தூசு தட்டி எடுத்தார். பிரஷ்ய இராணுவத்தின் 10 படைப்பிரிவுகளில் 20 ஆண்டுகளில் குதிரை உதைத்து இறந்தவர்கள் 122 பேர். இந்த 200 ஆண்டுக் கணக்குகளில் ஒருவரும் இறக்காதவை 109. சூத்திரம் சொன்னதும் ஏறத்தாழ 109. ஒரே ஆண்டில் 4 பேர் இறந்த படைப்பிரிவும் ஒன்று இருந்தது. அங்கே குதிரைகளை யாரும் கவனிக்கவில்லை என்று சந்தேகிக்கத் தோன்றும். ஆனால் தற்செயலுக்குள்ளேயே அதற்கும் இடம் இருந்தது.

லண்டனுக்கும் இதே அளவுகோல்தான். தெற்கு லண்டனில் 144 சதுர கிலோமீற்றர் பரப்பை 576 சம கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளையும் எண்ணினார் ஒரு காப்புறுதிக் கணிப்பாளர். முடிவு 1946இல் வெளியானது. குண்டே விழாத கட்டங்கள் 229. சூத்திரப்படி 227. நான்கும் அதற்கு மேலும் விழுந்த கட்டங்கள் 8. சூத்திரப்படி 9. நகரத்தைக் குறிவைத்தவர்களால் அதற்குள் தெருவைக் குறிவைக்க முடியவில்லை என்பது தெளிவானது.

இதனால் குண்டை அனுப்பியவர்களின் பொறுப்பு குறையவில்லை. அளவுகோல் மறுபக்கமும் பேசும். ஒரே கட்டத்தில் 15 குண்டுகள் விழுந்திருந்தால் தற்செயல் என்ற விளக்கம் நின்றிருக்காது. வேறு காரணம் தேடவேண்டி வந்திருக்கும்.

ஆனால் இரண்டில் எதைச் சொல்வதற்கும் பதிவு வேண்டும். புவசோனிடம் நீதிமன்றப் பதிவுகள் இருந்தன. லண்டனில் ஒவ்வொரு குண்டும் விழுந்த இடம் குறித்துவைக்கப்பட்டிருந்தது. எங்கே, எத்தனை என்று எவரும் எழுதிவைக்காத இடத்தில் அந்தச் சூத்திரத்துக்கு வேலையில்லை. கேள்வி மட்டும் மிஞ்சும்.