ஒரு பேருந்துக்காகத் தொடங்கிய வழக்கு: ஜோசப் டிலேனின் வாழ்க்கை

அமெரிக்கப் பள்ளிகளில் நிறப் பிரிவினையை வீழ்த்திய 1954ஆம் ஆண்டுத் தீர்ப்பைச் சட்டக் கல்லூரிகளில் நாம் அனைவரும் படிக்கிறோம். அத்தீர்ப்புக்கு வழிவகுத்த ஐந்து வழக்குகளுள் ஒன்று, தென் கரோலினாவின் கிளாரண்டன் மாவட்டத்தில் ஒரு பள்ளிப் பேருந்து கேட்டதிலிருந்து பிறந்தது. அதற்குப் பின்னால் நின்றவர், 1898இல் பிறந்த ஜோசப் ஆம்ஸ்ட்ராங் டிலேன். ஆசிரியராகவும் ஆப்பிரிக்க மெதடிஸ்ட் திருச்சபையின் போதகராகவும் பணியாற்றியவர்.

அம்மாவட்டத்தின் 1949–50 கல்வியாண்டுக் கணக்கு அநீதியை வெளிப்படையாகக் காட்டுகிறது. கறுப்பின மாணவர் 6,531 பேர். வெள்ளையின மாணவர் 2,375 பேர். வெள்ளையினக் குழந்தை ஒன்றுக்கு 179 டாலர் செலவிடப்பட்டது. கறுப்பினக் குழந்தை ஒன்றுக்கு 43 டாலர். வெள்ளையினப் பிள்ளைகளுக்கு 30 பேருந்துகள் ஓடின. கறுப்பினப் பிள்ளைகளுக்கு ஒன்றுகூட இல்லை. பெற்றோர் பழைய பேருந்து ஒன்றை வாங்கியபோது, அதற்கு எரிபொருள் தரவும் நிர்வாகம் மறுத்தது.

டிலேனின் தூண்டுதலால் லீவை பியர்சன் என்னும் விவசாயி வழக்குத் தொடுத்தார். அவரது நிலம் பள்ளி வட்டார எல்லையில் அமைந்திருந்ததால், அவர் வரி செலுத்துவது வேறு வட்டாரத்தில் என்று காரணம் கூறி 1948இல் அவ்வழக்கு ஒதுக்கப்பட்டது. அடுத்த முறை 20 மனுதாரராவது வேண்டும் என்று நிறத்தவர் முன்னேற்றத்துக்கான தேசியச் சங்கத்தின் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் கேட்டார். டிலேன் வீடு வீடாகச் சென்று கையெழுத்துத் திரட்டினார்.

கையெழுத்திட்டவர்கள் அதற்கான விலையைக் கொடுத்தனர். முதல் மனுதாரர் ஹாரி பிரிக்ஸும் அவர் மனைவி எலைசாவும் வேலை இழந்தனர். கடன் மறுக்கப்பட்டது. டிலேனின் ஆசிரியப் பணியும் பறிபோனது. 1951இல் அவரது வீடு எரிந்தபோது, நகர எல்லைக்கு வெளியே உள்ளது என்று கூறித் தீயணைப்புப் படையினர் அணைக்க மறுத்தனர்.

வழக்கின் போக்கில்தான் நமக்கான பாடம் இருக்கிறது. சமமான வசதி கேட்டுத் தொடங்கிய போராட்டம், பிரிவினையே சட்டவிரோதம் என்னும் வாதமாக உயர்ந்தது. 1951 மே மாதம் விசாரணை தொடங்கியதும், வசதிகள் சமமாக இல்லை என்று அரசுத் தரப்பு தானே ஒப்புக்கொண்டது; கறுப்பினப் பள்ளிகளை மேம்படுத்த விற்பனை வரி விதிப்பதாகவும் கூறியது. பல தலைமுறைகளாக இல்லாதிருந்த பணம், பிரிவினைக்கு ஆபத்து வந்ததும் கிடைத்துவிட்டது. மூன்று நீதிபதிகளுள் இருவர் அதை ஏற்றனர்; வேட்டீஸ் வேரிங் ஒருவரே மாறுபட்டார். மூன்றாண்டுகளுக்குப் பின் உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது.

வெற்றி டிலேனைக் காக்கவில்லை. 1955இல் லேக் சிட்டியில் அவரது தேவாலயம் எரிக்கப்பட்டது. வீட்டின்மீது சுட்டவர்களை நோக்கி அவர் திருப்பிச் சுட்டார். பிடியாணை பிறந்ததோ அவர்மீதே. நியூயார்க்கிற்குத் தப்பிச் சென்றவர், பிறந்த மாநிலத்தில் மீண்டும் வாழ இயலாமலே 1974இல் இறந்தார். அக்குற்றச்சாட்டு 2000இல்தான் நீக்கப்பட்டது. சமர்டன் நகரில் வெள்ளையினப் பெற்றோரோ 1965இல் தனியார் பள்ளி ஒன்றைத் தொடங்கி, பொதுப் பள்ளிகளை விட்டு வெளியேறினர்.

பள்ளி நிதிக் கணக்கு கேட்கும் எவரும் டிலேனை நினைவில் கொள்ள வேண்டும். நிதி கூடும்போது அது எதைக் காப்பாற்றுவதற்காகக் கூடுகிறது என்றும் கேட்கக் கற்போம். கையெழுத்திடுவோரின் வேலையையும் வீட்டையும் காக்கும் ஏற்பாட்டை, மனுவை எழுதும் முன்பே செய்வோம்.