கஞ்சித்தொட்டி வைத்த முன்சீப்

பிரதாப முதலியார் சரித்திரம் எழுதினது யாருன்னு கேட்டா எல்லாரும் டக்குனு மாயூரம் வேதநாயகம் பிள்ளைன்னு சொல்லிடுவோம். தமிழின் முதல் நாவல், 1879ஆம் வருஷம். ஒரு மார்க் கேள்வி. அதோட அவரை மூடி வெச்சுடுவோம். அந்த நாவல் வெளிவரும் முன்னாடி, ஊரெல்லாம் பசியில் செத்துக்கொண்டிருந்தபோது, அவர் என்ன செஞ்சார்னு எந்தக் கேள்வித்தாளிலும் வர்றதில்லை. எனக்கு அதுதான் பெரிய விஷயமாப் படுது. அதனால இந்த மாதத் தாளில் அவரைப் பற்றி.

அவர் நமக்குத் தூரத்து மனிதர் இல்லை. காரைக்காலில் பஸ் ஏறி கோட்டுச்சேரி, பூவம் தாண்டி நண்டலாற்றைக் கடந்தா பொறையாறு, அடுத்து தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1845இல் அந்த ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். அதுக்கப்புறம் 1857இல் அங்கே முன்சீப்பாக, அதாவது சிவில் வழக்குகளை விசாரிக்கும் நீதிபதியாக வந்தவர்தான் வேதநாயகம் பிள்ளை. நம்மவர்கள் அந்த நாற்காலியில் உட்காருவது அப்போ ரொம்ப அபூர்வம்.

பிறந்தது 1826 அக்டோபர் 11, திருச்சி பக்கம் குளத்தூர். அப்பா சவரிமுத்துப் பிள்ளை, அம்மா ஆரோக்கிய மரியம்மாள். கத்தோலிக்கக் குடும்பம். தியாகப் பிள்ளை என்பவரிடம் தமிழும் ஆங்கிலமும் படிச்சார். திருச்சி கோர்ட்டில் ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலை, பிறகு மொழிபெயர்ப்பாளர் வேலை, அதுக்கப்புறம்தான் முன்சீப். தரங்கம்பாடியிலிருந்து சீர்காழி, அங்கிருந்து மாயூரம். இப்போ நாம மயிலாடுதுறைன்னு சொல்ற ஊர்தான் மாயூரம். அங்கே பல வருஷம் இருந்ததால ஊர்ப் பேரே அவர் பேரோடு ஒட்டிக்கிச்சு.

கோர்ட்டில் எல்லாம் ஆங்கிலம். வழக்குக்காக நிலத்தை அடகு வெச்சவனுக்கே தீர்ப்பு என்னன்னு புரியாது. வேதநாயகம் பிள்ளை 1805 முதல் 1861 வரை வந்த மேல்கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கி, சித்தாந்த சங்கிரகம்னு புத்தகமாப் போட்டார். 1859இல் வந்த அவரோட நீதிநூலில் லஞ்சத்தைத் திட்டுவதற்கென்றே தனி அதிகாரம் இருக்கு. கைக்கூலின்னு தலைப்பு. உத்தியோகத்தில் இருந்துகொண்டே உத்தியோகஸ்தர்களைத் திட்டி எழுதத் தனித் தைரியம் வேணும், இல்லையா? பெண்கள் படிக்கணும்னும் விடாமல் எழுதினார். பெண்மதி மாலை அப்படி வந்த புத்தகம்தான்.

இனி பஞ்சத்துக்கு வருவோம். 1876இல் மழை பொய்த்தது. அது தமிழ்க் கணக்கில் தாது வருஷம். அதனால நம்ம பாட்டிமார் வாயில் அது இன்னைக்கும் தாது வருஷப் பஞ்சம். 1878 வரை நீடிச்சது. தென்னிந்தியாவிலும் மேற்கிலுமாச் சேர்ந்து 50 லட்சத்துக்கும் மேலே செத்தாங்கன்னு கணக்கிட்டிருக்காங்க. அதே சமயம், 1877 ஜனவரி 1ஆம் தேதி, விக்டோரியா ராணி இந்தியாவுக்குச் சக்கரவர்த்தினி ஆனதைக் கொண்டாட டெல்லியில் பெரிய தர்பார் நடந்தது. செலவைக் குறைக்க அனுப்பப்பட்ட ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி, நிவாரண வேலையில் நாள் முழுக்க மண் சுமக்கும் ஆளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா போதும்னு முடிவு பண்ணினார். சென்னை மாகாணத்தின் சுகாதார அதிகாரி கார்னிஷ் இது உயிர் தாங்கப் போதாதுன்னு எதிர்த்தார். அவரும் வெள்ளைக்காரர்தான், அதையும் சொல்லணும்.

நம்ம டெல்டாவில் காவிரி இருந்ததால் வறண்ட சீமைகளை விட நிலைமை பரவாயில்லை. ஆனா விலைவாசி ஏறினபோது நிலமில்லாத கூலி ஜனங்களுக்கு வயலில் நெல் இருந்தா என்ன, இல்லாட்டி என்ன? நம்ம காரைக்கால் அப்போ பிரெஞ்சுக்காரர் கையில். ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிக்கொண்டு இங்கேயிருந்து ரீயூனியன், மார்த்தினிக், குவாதலூப் தீவுகளின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பல்கள் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஊரில் ஒருவேளைக் கஞ்சி கிடைச்சிருந்தா கப்பல் ஏறாமலே இருந்திருப்பாங்கன்னு நினைக்க வேண்டியவர்கள் எத்தனை பேரோ.

வேதநாயகம் பிள்ளை அப்போ முன்சீப் வேலையை விட்டுட்டார். உத்தியோக அதிகாரம் கையில் இல்லை. சொந்தப் பணம் இருந்தது. அதை எடுத்துக் கஞ்சித்தொட்டி வெச்சார். பசிச்சு வந்தவர்களுக்குக் கஞ்சி ஊத்தினார். ஒருநாள் ரெண்டுநாள் தர்மம் இல்லை இது. பஞ்சம் முடியறதுக்குள்ள தன் சொத்தையே இதில் கரைச்சுட்டார்னு அவர் வரலாற்றை எழுதினவங்க சொல்றாங்க. வயசு ஐம்பதைத் தொட்டாச்சு, குடும்பம் இருக்கு, இனிமே சம்பாதிக்க வழி குறைவு. அந்த நேரத்தில் செஞ்சதுங்கிறதை யோசிச்சுப் பாருங்க.

பைபிளில் நல்ல சமாரியன் கதை கேட்டிருப்பீங்க. வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கினவன் அவன் என்ன ஜாதி, என்ன மதம்னு கேட்கலை. இவரும் கேட்கலை. மாயூரத்தில் இவரைச் சுற்றி இருந்தவர்களில் பெரும்பாலோர் இந்துக்கள்தான். நெருங்கிய நண்பர் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பழுத்த சைவர். இவர் மேலே குளத்துக்கோவை பாடினவர். திருவாவடுதுறை ஆதீனம் சுப்பிரமணிய தேசிகரும் நண்பர். அவர் மேலே இவர் பாட்டு எழுதுவார். அதை மனப்பாடமாச் சொல்லிக் காட்டின பையன் யார் தெரியுமா? பின்னாளில் தமிழ்த் தாத்தா உ.வே.சா.! இத்தனைக்கும் வேதநாயகர் தன் மதத்தில் உறுதியாகவே இருந்தார். தேவமாதா அந்தாதி எழுதினதும் அவர்தான். எல்லா மதத்தாரும் பாடலாம் என்கிற மாதிரி சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் எழுதினதும் அவர்தான். பஞ்சத்தைத் தீர்க்கச் சொல்லிக் கடவுளிடம் மன்றாடுகிற பாட்டுகளும் அதில் உண்டு.

பசித்து வந்த அடியாருக்கு மாங்கனியைக் கொடுத்த அம்மையாரைக் கொண்டாடுற ஊர் நம்ம ஊர். வருஷா வருஷம் மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து மாம்பழம் இறைக்கிறாங்க. அதைப் பிடிக்க முண்டியடிச்சவங்களுக்கு வேதநாயகர் செஞ்சது புதுசாத் தோணாது.

அவர் செஞ்சதைப் பார்த்து மனம் உருகினவர் ஒருத்தர் உண்டு. நந்தனார் சரித்திரக் கீர்த்தனை பாடிய கோபாலகிருஷ்ண பாரதியார். அவரும் மாயூரத்துக்காரர்தான். சிவபக்தர், நந்தனாரையும் சிவபெருமானையும் பாடிய வாயால், இந்தக் கிறிஸ்தவ முன்சீப்பைப் புகழ்ந்து ஒரு கீர்த்தனை பாடினார். பாட்டுக் கற்றுக்கொள்கிற நம்ம தோழிகள் உங்க டீச்சரிடம் கேட்டுப் பாருங்க.

பஞ்சம் ஓய்ந்த மறுவருஷமே பிரதாப முதலியார் சரித்திரம் அச்சாகி வந்தது. படிச்சா ஆச்சரியமா இருக்கும், பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. அவ்வளவு சாவைப் பார்த்த மனுஷன் எப்படி இவ்வளவு வேடிக்கையா எழுதினார்னு எனக்கு இன்னும் புரியலை. 1887இல் சுகுண சுந்தரி எழுதினார். 1889 ஜூலை 21இல் காலமானார். பிரதாப முதலியார் நம்ம நூலகத்திலும் இருக்கு, வேணும்கிறவங்க பேர் எழுதி வாங்கிக்கலாம்.