மறுவாழ்வு பெற்ற ஓவியர் மத்தீஸ்

உங்கள் குடும்பத்தில் ஒருவருக்கு வயிற்றில் கட்டியென்று வைத்தியர் கூறி, சத்திரசிகிச்சைக்கு நாளும் குறித்துவிட்டாரா? அப்படியாயின் பிரான்சு தேசத்து ஓவியர் ஹென்றி மத்தீஸின் வரலாற்றைச் சற்றுக் கேளுங்கள்.

1869இல் பிறந்த இவர், சட்டம் படித்து வழக்கறிஞரிடம் எழுதுவினைஞராய் இருந்தவர். இருபது வயதளவில் குடல்வால் நோயால் படுத்திருக்கையில், பொழுதுபோகட்டுமென்று தாயார் வர்ணப்பெட்டியொன்றை வாங்கிக் கொடுத்தார். அதோடு சட்டம் போயிற்று!

பின்னர் உலகப் புகழ் வந்தது. 1941 சனவரியில், எழுபத்தொரு வயதில், குடலில் புற்றுக்கட்டி. நாடு யுத்தத்தில் தோற்றிருந்த காலம். மனைவியும் பிரிந்து போயிருந்தார். லியோன் நகரில் சத்திரசிகிச்சைக்குப் போகுமுன் அவர் செய்த ஆயத்தத்தைக் கவனியுங்கள். மகனுக்குக் கடிதம் எழுதிக் குடும்பத்தின்மேல் தமக்குள்ள அன்பைத் தெரிவித்தார். தாம் இறந்தால் மனைவியிடம் சேர்ப்பிக்கும்படி, சமாதானம் வேண்டி இன்னொரு கடிதத்தையும் எழுதி வைத்தார். வேலையை முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள் போதுமென்பதே வைத்தியரிடம் அவர் கேட்டது.

கட்டி அகற்றப்பட்டது. ஆனால் ஆபத்து அதன்பின்தான் வந்தது. இரத்தக்கட்டி இருமுறை நுரையீரலை அடைத்தது. அசையாமற் கிடப்பவரின் காலில் இரத்தம் உறைந்து மேலேறுவதால் வரும் வினை இது. இன்று வைத்தியர்கள் நோயாளியைச் சீக்கிரமே எழுப்பி நடக்கவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகையால் தாதி எழும்பச் சொன்னால் கோபியாதீர்கள். மத்தீஸ் மூன்று மாதம் படுத்திருந்து தேறினார். பராமரித்த கன்னியர் அவரை உயிர்த்தெழுந்தவர் என்றே அழைத்தனர்.

வயிற்றுத் தசை பலவீனமாகி, நெடுநேரம் நிற்க முடியவில்லை. அதற்காக அவர் ஓய்ந்துவிடவில்லை. உதவியாளர் வர்ணம் பூசிய கடதாசியைக் கத்தரிக்கோலால் வெட்டியே சித்திரம் படைத்தார்.

1942இல் இரவில் அவரைப் பராமரிக்க மொனிக் பூர்ஜுவா என்ற இளம் தாதி வந்தார். பின்னர் சாமிநாதர் சபையிற் சேர்ந்து அருட்சகோதரி ஜாக் மரி ஆனார். அவர் துறவறம் பூண்டது மத்தீஸுக்குப் பிடிக்கவில்லை. எனினும் வான்ஸ் ஊரில் கன்னியருக்கு ஆலயமில்லையென்று அவர் மூலம் அறிந்ததும், 1948 முதல் அந்தப் பணியிலேயே முழுவதும் ஈடுபட்டார். வெள்ளை ஓடுகளில் கறுப்புக் கோடுகளால் தேவதாயும் பாலனும், புனித சாமிநாதரும், சிலுவைப்பாதையும். யன்னல்களில் மஞ்சள், பச்சை, நீலம். நீண்ட மூங்கிலில் கரிக்கோலைக் கட்டி வரைந்து பழகினார். கோவிலுக்குப் போகும் பழக்கமில்லாத மனிதர் இவர் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

1951 யூன் 25இல் நீஸ் ஆயர் செபமாலை மாதா சிற்றாலயத்தை அபிஷேகம் செய்தார். உடல்நலமின்மையால் மத்தீஸ் அங்கு போகவில்லை. 1954 நவம்பர் 3இல் நீஸ் நகரில் காலமானார். கேட்டது நான்கு ஆண்டுகள், கிடைத்தது பதின்மூன்றுக்கு மேல். அருட்சகோதரி ஜாக் மரி 2005 வரை வாழ்ந்தார்.