ஜேம்ஸ் ஹார்னெல்

ஜேம்ஸ் ஹார்னெல் (1865 – 1949) ஓர் ஆங்கிலேய விலங்கியலாளரும் மரபுவழிப் படகுகளை ஆராய்ந்த அறிஞரும் ஆவார். மன்னார் வளைகுடாவில் இயற்கையாக வளரும் முத்துச்சிப்பிகளை ஆராய்ந்து, முத்துக்குளிப்பு அடிக்கடி பொய்த்துப்போவதன் காரணங்களை விளக்கியவர்களுள் இவர் முக்கியமானவர்.

இலங்கையில்

இவர் தொடக்கத்தில் செர்சி தீவில் கடல் உயிரியல் ஆய்வில் ஈடுபட்டிருந்தார். 1902ஆம் ஆண்டு பேராசிரியர் ஹெர்ட்மனுடன் இலங்கைக்கு வந்தார். சில மாதங்களில் ஹெர்ட்மன் நாடு திரும்பினார். ஹார்னெல் தங்கியிருந்து ஆய்வைத் தொடர்ந்தார். இதன் முடிவுகள் 1903 முதல் 1906 வரை ஐந்து பகுதிகளாக இலண்டனில் வெளிவந்தன. நாடாப்புழுவின் இளம் உயிரியைச் சுற்றியே சிறந்த முத்துக்கள் உருவாகின்றன என அவ்விருவரும் கருதினர். பின்வந்த ஆய்வாளர்கள் இதனைப் பொதுக் காரணமாக ஏற்கவில்லை.

தூத்துக்குடியில்

முத்துச்சிப்பிகள் வாழும் கடலடிப் பாறைத்திட்டுகள் 'பார்' எனப்படும். ஒரு பாரில் இளஞ்சிப்பிகள் பெருந்திரளாகப் படிந்தாலும், குளிப்புக்கு உரிய வயதை அடையுமுன் அவை முற்றிலும் அழிந்துவிடுவதுண்டு. அவ்வாறு அழிந்தால் பரதவர், கீழக்கரை முசுலிம்கள் ஆகியோர் உள்ளிட்ட குளியாளிகள் அந்த வருவாயை இழந்தனர். அரசும் தன் பங்கை இழந்தது.

சென்னை மாகாண அரசுக்காக இப்பார்களை ஆராய்ந்த ஹார்னெல், பின்னர் அம்மாகாண மீன்துறையில் பணியாற்றி அதன் இயக்குநராகவும் உயர்ந்தார். நீரோட்டம் மிதக்கும் இளம் உயிரிகளை வேறிடம் கொண்டுசெல்லுதல், மணல் மூடுதல், திருக்கை முதலிய மீன்கள் சிப்பிகளை உண்ணுதல் ஆகியவை அழிவுக்குக் காரணங்களாக அறியப்பட்டன. குளிப்பு ஒழுங்கற்ற இடைவெளிகளில் வாய்ப்பதைப் பற்றி 1916இல் தனிக் கட்டுரை எழுதினார்.

சங்கும் படகும்

வங்காளத்தில் வளையல் செய்யப் பயன்பட்ட சங்கினையும், அதனைக் குளித்தெடுக்கும் தொழிலையும் விரிவாகப் பதிவு செய்தார். தென்னிந்தியப் படகுகளின் அமைப்பில் பாலினேசியத் தொடர்பு உள்ளது என்ற கருத்தையும் முன்வைத்தார். இக்கருத்து இன்றும் விவாதத்துக்கு உரியதாகவே உள்ளது. 1924இல் பணியிலிருந்து விலகியபின் பசிபிக் பயணக்குழு ஒன்றில் பங்கேற்றார்.

முத்து வளர்ப்பு

இயற்கையை மட்டும் நம்பியிராமல் சிப்பிகளை வளர்த்தெடுக்கும் முயற்சி 1930களில் குருசடைத் தீவில் தொடங்கியது. ஹார்னெல் இறந்தபின், 1955 முதல் 1961 வரை நடந்த குளிப்புகளே தூத்துக்குடியின் கடைசிப் பெரிய முத்துக்குளிப்புகளாக அமைந்தன. 1973இல் தூத்துக்குடியை அடுத்த வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தினர் சிப்பியினுள் கருவைப் பொருத்தி உருண்டை முத்தை உருவாக்கினர். 1981இல் குஞ்சுப்பொரிப்பகத்தில் இளஞ்சிப்பிகளை உற்பத்தி செய்யவும் முடிந்தது. இதனால் பார்களில் இளஞ்சிப்பிகள் படிவதை எதிர்பார்த்திராமல் வளர்ப்பை மேற்கொள்ள வழி பிறந்தது.

முக்கிய நூல்கள்

* இந்தியாவின் புனிதச் சங்கு (1914)
* இந்தியப் படகு வடிவங்களின் தோற்றம் பற்றிய ஆய்வு (1920)
* மன்னார் வளைகுடா, பாக்கு விரிகுடா முத்துக்குளிப்பு (1922)
* நீர்வழிப் போக்குவரத்து (1946)