சந்திரபாபு விஷம் குடித்தா இறந்தார்? ஆளுக்கு ஒரு கதை!

கிண்டி, மார்ச் 8-

கிண்டி ரயில் நிலையத்துக்கு வெளியே உள்ள டீக்கடைகளில் பழைய பாட்டு போட்டால் போதும். சந்திரபாபுவின் குரல் எப்படியும் வந்துவிடும். கூடவே ஒரு பேச்சும் வரும். பாவம், விஷம் குடித்துச் செத்துப்போனவர் என்று ஒருவர் ஆரம்பிப்பார். அதெல்லாம் இல்லை, சாராயம்தான் அவரைக் குடித்தது என்று பக்கத்து பெஞ்சுக்காரர் மறுப்பார். மூன்றாவது ஆள் எம்.ஜி.ஆரை இழுப்பார். டீ ஆறிவிடும். விவகாரம் ஆறாது.

இன்று அவருடைய நினைவு நாள். 1974-ம் ஆண்டு இதே மார்ச் 8-ந் தேதி அவர் கண்ணை மூடினார். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. ஆனாலும் அவர் எப்படிச் செத்தார், ஏன் செத்தார் என்பதில் ஊர் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை. இப்போது செல்போன் வீடியோக்களும் சேர்ந்துகொண்டு தினம் ஒரு புதுக் கதை சொல்கின்றன.

எது நடந்தது? எது கட்டிவிட்டது? கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

விஷம் குடித்தது உண்மை!

முதலில் அந்த விஷ விவகாரம். சந்திரபாபு விஷம் குடித்தார். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அது 1974-ல் அல்ல, 1952-ல்! சாவதற்கு 22 வருஷம் முன்னால்!

கிண்டியிலிருந்து மவுண்ட் ரோட்டில் நேராகப் போனால் நாலைந்து மைலில் ஒரு மேம்பாலம் வருகிறதே, இன்றைக்கும் ஜனங்கள் ஜெமினி பாலம் என்கிறார்களே, அங்கேதான் ஜெமினி ஸ்டூடியோ இருந்தது. முதலாளி எஸ்.எஸ்.வாசன். 1948-ல் சந்திரலேகா எடுத்து இந்தியா பூராவும் திரும்பிப் பார்க்க வைத்தவர். அவரை ஒரு தடவை நேரில் பார்த்து நடித்துக் காட்டிவிட வேண்டும் என்று பாபு நடையாய் நடந்தார். பார்க்க முடியவில்லை. ஒரு நாள் அந்த ஸ்டூடியோ வளாகத்திலேயே மயில்துத்தத்தைக் குடித்துவிட்டார். வாசனுக்கு ஒரு கடிதமும் எழுதி வைத்திருந்தார்.

அதெல்லாம் சும்மா டிராமா, வாசன் பார்வையில் படுவதற்குப் போட்ட வேஷம் என்று சொல்கிறவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாகப் போகிறவன் வீட்டில் குடிக்காமல் ஸ்டூடியோவில் வந்தா குடிப்பான் என்பது அவர்கள் கேள்வி.

கேள்வி நியாயமாகத்தான் தெரியும். ஆனால் மயில்துத்தம் விளையாட்டுச் சாமான் இல்லை. வயிற்றைப் புண்ணாக்கி, ஈரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்துக் கெடுக்கிற சரக்கு. பிழைத்தாலும் ஆள் படாத பாடு படுவான். வேஷம் போடுகிறவன் இதைத் தொடமாட்டான். ஒருவேளை அவர் மனசில் இரண்டுமே இருந்திருக்கலாம்: செத்தாலும் சரி, வாசன் திரும்பிப் பார்த்தாலும் சரி என்று. 25 வயதுகூட நிரம்பாத பையன்!

இன்னொன்றையும் திருத்த வேண்டும். அதுவரை சினிமாவே கிடைக்காமல் அலைந்தார் என்று எழுதுகிறார்கள். தப்பு. 1947-லேயே தன அமராவதி படத்தில் தலையைக் காட்டிவிட்டார். நடுவில் சின்னச் சின்ன வேஷங்களும் வந்தன. அவருக்குப் பசி, பெரிய கம்பெனி மேல்!

பலன் கிடைத்ததா? கிடைத்தது. அதே 1952-ல் ஜெமினியின் மூன்று பிள்ளைகள் படத்தில் வேஷம் வந்தது.

கோர்ட்டில் நடந்தது என்ன?

தற்கொலை முயற்சி அன்று குற்றம். இந்திய தண்டனைச் சட்டம் 309-வது பிரிவில் ஒரு வருஷம் வரை உள்ளே தள்ளலாம். (அந்தப் பிரிவு 2024 ஜூலையில் புதிய சட்டம் வந்தபோதுதான் போனது.) போலீசார் வழக்குப் போட்டார்கள்.

இங்கேதான் கதை இரண்டாகப் பிரிகிறது. நீதிபதி காரணம் கேட்டாராம். பாபு ஒரு தீக்குச்சியைக் கொளுத்திக் கையைச் சுட்டுக்கொண்டு, சுட்டதை நீங்கள் பார்க்கலாம், என் வலியைப் பார்க்க முடியாது என்ற அர்த்தத்தில் பதில் சொன்னாராம். இது ஒரு கதை. நீதிபதி நடித்துக் காட்டச் சொன்னார், பாபு ஷேக்ஸ்பியரை அவிழ்த்துவிட்டார், கோர்ட்டே சொக்கிப்போனது என்பது இன்னொரு கதை. சிலர் இரண்டையும் சேர்த்து ஒட்டிவிடுகிறார்கள்.

இரண்டுமே சினிமாவுக்கு எடுத்துவைத்த சீன் மாதிரி இருக்கிறது. பிற்காலத்தில் பாபுவே தன் கதையைப் பத்திரிகையில் சொன்னவர். கதை சொல்வதில் மன்னன். பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் சொன்னது குறைவு; கேட்டவர்கள் சொன்னது அதிகம். வழக்கு நடந்தது வரை நம்பலாம். தீக்குச்சியை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடுவோம்.

தூத்துக்குடிப் பிள்ளை!

யார் இந்த சந்திரபாபு? தூத்துக்குடியில் 1927 ஆகஸ்டில் பிறந்தவர். கத்தோலிக்கக் குடும்பம். பெயர் ஜோசப். அப்பா ரோட்ரிகஸ் சுதந்திரப் போராட்டக்காரர். சுதந்திர வீரன் என்று பத்திரிகை நடத்தியவர். வெள்ளைக்கார சர்க்காரின் கோபத்துக்கு ஆளாகி, குடும்பம் கொழும்புக்குப் போனது. பையன் அங்கேதான் படித்தான். மேல்நாட்டுப் பாட்டும் ஆட்டமும் அங்கேதான் தொற்றிக்கொண்டது. 1943-ல் சென்னைக்கு வந்தார்கள்.

இதில் ஒரு வேடிக்கை பாருங்கள். சினிமாவில் மெட்ராஸ் பாஷை பேசி ஊரைச் சிரிக்க வைத்தவர்களில் முன்வரிசை ஆள் இவர். பிறந்தது தூத்துக்குடி, படித்தது கொழும்பு! 1958-ல் வந்த சபாஷ் மீனாவில் அவருக்கு இரட்டை வேஷம். அதில் ரிக்‌ஷாக்காரராக வந்தாரே, எந்த மெட்ராஸ்காரனாவது குறை சொன்னானா?

பாட்டு? அமெரிக்காவில் எல்விஸ் பிரெஸ்லி முதல் ரிக்கார்டு போட்ட அதே 1954-ல் இங்கே ஏவி.எம்.மின் பெண் படத்தில் வீணை எஸ்.பாலச்சந்தருக்காக பாபு பின்னணி பாடி அமர்க்களப்படுத்தினார். சுவிட்சர்லாந்து மலையில் ஆடு மாடு மேய்க்கிறவர்கள் தொண்டையை உடைத்துக் கூப்பிடுவார்களே, யோடலிங், அதைத் தமிழ்ப் பாட்டுக்குள் கொண்டுவந்து உட்கார வைத்தவர் அவர்தான். கிடாரும் டிரம்மும் வைத்துக்கொண்டு மேடையில் குதிக்கிற கூட்டம் ஊருக்குள் வருவதற்கு முன்னாலேயே, ஒற்றை ஆளாக அதைச் செய்துவிட்டுப் போனார்.

சம்பளத்திலும் அப்படித்தான். சபாஷ் மீனாவுக்கு சிவாஜிக்குக் கொடுப்பதைவிட ஒரு ரூபாயாவது கூடுதலாகக் கொடு என்று கேட்டாராம். நடந்ததோ இல்லையோ, கேட்டிருக்கக்கூடிய ஆள்!

எம்.ஜி.ஆர். கெடுத்தாரா?

டீக்கடையில் அதிகம் சூடு பறப்பது இந்த விஷயத்தில்தான். மாடி வீட்டு ஏழை என்று எம்.ஜி.ஆரை வைத்து பாபு சொந்தமாகப் படம் ஆரம்பித்தார். படம் நின்றுபோனது. கடன் ஏறியது. கிரீன்வேஸ் ரோடு பக்கம், கேசவபெருமாள்புரத்தில், அவர் ஆசை ஆசையாகக் கட்டிய வீடு போனது. கார் நேராக மாடிக்கே ஏறிப் போகிற மாதிரி கட்டிய வீடு!

கால்ஷீட் கேட்கப் போன இடத்தில் எம்.ஜி.ஆரின் அண்ணன் சக்ரபாணியோடு வாய்ச்சண்டை முற்றியது என்பது பாபு தரப்புச் சொல். அதற்குப் பிறகு படம் நகரவில்லை. ஆகவே எம்.ஜி.ஆர்.தான் அவரை ஒழித்தார் என்று ஒரு கூட்டம் முடிவு கட்டிவிட்டது.

ஆனால் 1969-ல் வந்த அடிமைப் பெண் எம்.ஜி.ஆரின் சொந்தப் படம். அதில் சந்திரபாபு இருக்கிறார்! ஒழிக்க நினைத்தவர் கூப்பிட்டு வேஷம் கொடுப்பாரா? கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தார் என்று பதில் சொல்கிறவர்களும் உண்டு. அப்படிப் பேச ஆரம்பித்தால் முடிவே கிடையாது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1960-ல் கவிஞர் கண்ணதாசன் சொந்தமாக எடுத்த படம் கவலை இல்லாத மனிதன். கதாநாயகன் சந்திரபாபு. படப்பிடிப்புக்கு ஒழுங்காக வராமல் பாபு இழுத்தடித்ததையும், தான் அல்லாடியதையும் கவிஞரே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அன்று கவிஞர் காத்திருந்தார். சில வருஷம் கழித்து பாபு காத்திருந்தார். வட்டிக்கு வாங்கிப் படம் எடுக்கிறவனுக்கு ஒவ்வொரு நாளும் பணம். இதில் ஒருத்தர் தலையில் மட்டும் பழியைத் தூக்கி வைப்பது சரியில்லை.

சளைக்கவில்லை மனுஷன். 1966-ல் தட்டுங்கள் திறக்கப்படும் என்று தானே டைரக்ட் செய்து, சாவித்திரியோடு நடித்தார். ஓடவில்லை.

கல்யாணக் கதை

1958-ல் கல்யாணம். மனைவி தன் பழைய காதலைச் சொன்னாராம். பாபு கோபப்படாமல் அவர் விருப்பப்படியே அனுப்பி வைத்தாராம். முதல் இரவிலேயே என்று சிலர், கொஞ்ச காலம் கழித்து என்று சிலர். 1981-ல் பாக்யராஜ் எடுத்த அந்த 7 நாட்கள் படத்துக்கு இதுதான் மூலம் என்றும் பேச்சு. பிரிந்தது நிஜம். நான்கு சுவருக்குள் என்ன பேசினார்கள் என்பது நமக்கு எதற்கு?

கடைசியில் என்ன ஆச்சு?

இனி சாவு. குடி என்கிறார்கள். பெத்தடின் ஊசிப் பழக்கம் என்கிறார்கள். சோறு இல்லாமல் அனாதையாகச் செத்தார் என்கிறார்கள். இதில் குடி மட்டும் எல்லாக் கதையிலும் வருகிறது. அவரோடு பழகியவர்கள் யாரும் அதை மறைக்கவும் இல்லை. ஊசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் உறுதியாகப் பேசுகிறார்கள். எதை வைத்துப் பேசுகிறார்கள் என்று கேட்டால் இன்னொருவரைக் கைகாட்டுகிறார்கள். 1952-ல் குடித்த விஷத்தை 1974-க்குத் தூக்கி வந்தது மட்டும் சுத்தப் பொய்.

வயதிலும் குழப்பம். சிலர் 46 என்பார், சிலர் 47. 1927 ஆகஸ்டில் பிறந்து 1974 மார்ச்சில் போனால் 46 முடிந்து 47 நடப்பு. ஆக, இரண்டு பேரும் ஜெயித்தார்கள்!

அனாதைச் சாவு என்பதும் அப்படியே விழுங்கக்கூடியது அல்ல. காசு இல்லை, வீடு இல்லை, அது சரி. ஆனால் சிநேகிதர்கள் இருந்தார்கள். மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதனோடு அவருக்கு இருந்த ஒட்டுறவு கோடம்பாக்கம் முழுக்கத் தெரியும். தன் உடலைக் கொஞ்ச நேரமாவது விசு வீட்டில் வைக்க வேண்டும் என்று பாபு கேட்டிருந்தார், அப்படியே செய்தார்கள் என்று சொல்கிறார்கள். ஜனாதிபதி ராதாகிருஷ்ணன் மாளிகையில் பாடிவிட்டு, உற்சாகத்தில் அவர் மடியிலேயே போய் உட்கார்ந்த ஆளுக்கு, சிநேகிதத்துக்கா பஞ்சம்?

பாட்டுக்காரர்கள் சாவில் இந்தக் குழப்பம் நம்ம ஊருக்கு மட்டும் சொந்தம் இல்லை. அமெரிக்க ராக் பாடகர் ஜிம் மாரிசன் 1971-ல் பாரீஸ் நகரில் 27 வயதில் செத்தார். பிரேதப் பரிசோதனையே நடக்கவில்லை. இதயம் நின்றது என்று காகிதத்தில் எழுதிவிட்டார்கள். போதை மருந்து, கொலை, ஏன், அவர் சாகவே இல்லை என்றுகூட இன்றுவரை புத்தகம் வருகிறது. அதோடு பார்த்தால் நம்ம டீக்கடைக்காரர்கள் எவ்வளவோ தேவலை.

ஆனால் ஒன்று. தூத்துக்குடிப் பையன் ஒருவன் மேல்நாட்டு மெட்டைத் தமிழாக்கி, சிரிக்கவும் அழவும் வைத்துவிட்டு, 27 வருஷம் சினிமாவில் தாக்குப்பிடித்ததை யாரும் பேசுவதில்லை. விஷமும் சண்டையும்தான் பேச்சு. அன்னை, போலீஸ்காரன் மகள், இரண்டும் 1962-ல் வந்தவை. நேரம் கிடைத்தால் போட்டுப் பாருங்கள்.

அடையாறு ஆற்றுப் பக்கம், சாந்தோமை அடுத்த குயிபிள் தீவு கல்லறையில் பாபு அடக்கமாகியிருக்கிறார். கிண்டியிலிருந்து போகிறவர்கள் சர்தார் படேல் ரோடு, அடையாறு பாலம் வழியாகப் போகலாம். கார் மாடிக்கு ஏறுகிற வீட்டை அவர் கட்டிய கேசவபெருமாள்புரம் போகிற வழியிலேயேதான் வருகிறது.