ஹென்றி ஃபேபர்

பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில், ஒராஞ்சு நகருக்கு வடகிழக்கே செரிஞ்ஞான் என்னும் சிற்றூர் உளது. மிஸ்திரால் என்னும் கடுங்குளிர்க்காற்று வீசும் அப்பிரதேசத்தில், கூழாங்கல்லும் முட்செடியும் மலிந்து உழவர் கைவிட்ட தரிசை அர்மாஸ் என்பர். அத்தகைய நிலம் ஏறத்தாழ இரண்டரை ஏக்கரை, 1879-ம் ஆண்டில் பெரும் புதையலாக எண்ணி விலைக்கு வாங்கினார் ஒருவர். அவரே ஹென்றி ஃபேபர். அப்போது அவருக்கு வயது ஐம்பத்தைந்து.

1823-ல் சேன் லெயோன் கிராமத்தில் ஏழைக் குடியிற் பிறந்த ஃபேபர், உபகாரச் சம்பளம் பெற்று அவிஞ்ஞோனில் ஆசிரியப் பயிற்சி முடித்தார். கணிதமும் விஞ்ஞானமும் பெரும்பாலும் தாமே கற்றுத் தேர்ந்தார். ஆயினும் வறுமை அவரை விட்டபாடில்லை. மஞ்சிட்டி வேரினின்று தூய சாயமெடுக்கும் வழியைப் பல்லாண்டு முயன்று கண்டார். அச்சமயத்திலேயே ஜெர்மானிய இரசாயனிகள் அதே சாயத்தைச் செயற்கையாக ஆக்கிவிடவே, அவர் நம்பிக்கை பாழாயிற்று. பின்னர் மாலை வகுப்பொன்றில், மலர்கள் கருவுறும் விதத்தை இளம்பெண்களுக்கு விளக்கினாரென்று பழி கிளம்பியது. உத்தியோகம் போயிற்று, குடியிருந்த வீட்டையும் காலி செய்ய நேர்ந்தது. இக்காலத்து மாணவியர் சிறு வகுப்பிலேயே கற்கும் பாடத்திற்கு அன்று இத்துணை விலை! அவிஞ்ஞோனில் வசித்த ஆங்கில அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், பத்திரமெதுவும் வாங்காமல் 3,000 பிராங்கு கடன் கொடுத்துதவினார். ஃபேபர் பள்ளிப்பிள்ளைகளுக்கு நூல்கள் எழுதி அக்கடனைத் தீர்த்தார். 1877-ல், தம் ஆராய்ச்சிக்கு உற்ற துணையாயிருந்த பதினாறு வயது மகன் ஜூல்ஸை இழந்தார்.

இவ்வளவும் பட்டபின் கிட்டியதே அத்தரிசு. அங்கே குளவிகளும் சாணவண்டுகளும் அவருக்கு ஆசான்களாயின. சாணவண்டு முட்டையிட்டுப் பொதிந்துவைக்கும் பேரிக்காய் வடிவ உருண்டையை முதலில் அவரிடம் கொணர்ந்தவன் அவ்வூர் இடைச்சிறுவன் ஒருவனே.

சிள்வண்டுகளுக்குச் செவியுண்டோ என்றறிய, ஊர்த்திருவிழாவில் வெடிக்கும் இரும்பு வேட்டுக்குழாய்கள் இரண்டை வாங்கிவந்து மரத்தடியில் வெடிக்கச் செய்தார். கண்ணாடி உடையாதிருக்கச் சன்னல்களைத் திறந்துவைத்தனர். வேட்டு முழங்கியும் சிள்வண்டுகள் பாட்டை நிறுத்தவில்லை! அவற்றிற்குச் செவிப்புலன் மந்தமென்று அவர் கருதினார். சிள்வண்டுகளுக்குச் செவிகள் உண்டு, அவை தம் இனத்தின் ஓசைக்கே பெரிதும் இசைந்தவை என்பதை நாம் இன்று அறிவோம்.

1896-ம் ஆண்டு சனவரியில், பைன் மரத்துக் கம்பளிப்புழுக்கள் பெரியதொரு பூந்தொட்டியின் விளிம்பில் ஏறின. முன்னது விடும் பட்டிழையைப் பின்னது பற்றிச் செல்வது அவற்றின் இயல்பு. வரிசையின் தலையும் வாலும் கூடி வட்டமாகவே, உணவின்றிக் குளிரில் ஏழு நாட்கள் அவ்விளிம்பையே சுற்றின. எட்டாம் நாளே சில வழிதவறி இறங்க, மற்றவை பின்தொடர்ந்து கூடடைந்தன. அத்தனை நாளும் அருகிருந்து கவனித்தவரின் பொறுமையை எண்ணியே நாம் வியக்கிறோம்.

டார்வின் அவரது கூர்நோக்கை மெச்சினார். ஃபேபரோ பரிணாமக் கொள்கையை இறுதிவரை ஏற்றாரல்லர். அவ்விஷயத்தில் நாம் அவர் பக்கம் நிற்றல் இயலாது. எனினும் 1879 முதல் 1907 வரை வெளியான அவருடைய பூச்சியியல் நினைவுகள், பத்துத் தொகுதிகளும், சுவை குன்றாதன.

1910-ல் அறிஞர் பலர் செரிஞ்ஞானுக்கே வந்து அவரைக் கொண்டாடினர். புகழ் வந்தபோது கண்ணொளி மங்கியிருந்தது. 1915 அக்டோபர் 11-ல், தம் 91-ம் வயதில், அவ்வூரிலேயே உயிர்நீத்தார். 1922-ல் அரசாங்கம் அர்மாஸை விலைக்கு வாங்கிக் காட்சிசாலையாகப் பாதுகாத்தது.