உயிரின் சில்லறைக் காசைத் தேடிய சுப்பாராவ்

உயிரியல் நூலில் ஏ.டி.பி. என்னும் மூன்றெழுத்தைக் கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? மனப்பாடம் செய்கிறோம், தேர்வில் எழுதுகிறோம், மறந்தும் விடுகிறோம். அந்தப் பொருளைத் தசையிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தவர்களுள் ஒருவர் சென்னைத் திருவல்லிக்கேணியில் பள்ளிப் படிப்பை முடித்தவர் என்றும், மெட்ரிகுலேஷனில் இருமுறை தவறியவர் என்றும் அறிந்தபோது எங்கள் வகுப்பில் பலருக்கு நம்பவே முடியவில்லை. அவர் பெயர் எல்லப்பிரகட சுப்பாராவ்.

அந்நாளில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த பீமவரத்தில் 1895 ஜனவரி 12-ஆம் நாள் அவர் பிறந்தார். ஏழைக் குடும்பம். பதின்மூன்று வயதில், காசிக்குப் போய் யாத்திரிகர்களுக்கு வாழைப்பழம் விற்றுப் பணக்காரராகிவிடலாம் என்று வீட்டைவிட்டு ஓடினார். தாயார் விட்டாரா? திரும்ப அழைத்து வந்து பள்ளியில் உட்கார வைத்தார். நகைகளை விற்றுப் படிக்க வைத்தார். மூன்றாம் முறையில் தேறிய மகன் மாநிலக் கல்லூரியில் பயின்றார். துறவியாக விரும்பி இராமகிருஷ்ண மடத்தை நாடினார், தாயார் சம்மதிக்கவில்லை. எனவே மருத்துவம் படிக்கச் சேர்ந்தார்.

சென்னை மருத்துவக் கல்லூரியிலும் தொல்லைதான். காந்தியடிகளின் அழைப்பை ஏற்று அவர் கதர் உடுத்தி வந்தது ஆங்கிலப் பேராசிரியர் ஒருவருக்குப் பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே அவருக்குக் கிடைத்தது. இதற்கிடையே ஸ்ப்ரூ என்னும் குடல் நோய், சில நாட்கள் இடைவெளியில், அவருடைய உடன்பிறந்தார் இருவரைக் கொண்டுபோயிற்று. 1919-இல் சேஷகிரி என்னும் பெண்ணை அவருக்கு மணம் முடித்திருந்தனர். அப்பெண்ணுக்கு அப்போது நம் வயதுகூட ஆகவில்லை! 1922-இல் மாமனார் தந்த பணத்துடன் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். பாஸ்டன் நகரில் பகலில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் படிப்பு; இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் மலசலப் பாத்திரங்களைக் கழுவும் வேலை.

இனி விஷயத்துக்கு வருவோம். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரின் ஆய்வுக்கூடத்தில் சுப்பாராவ் சேர்ந்தார். இரத்தத்திலும் சிறுநீரிலும் பாஸ்பரஸ் எவ்வளவு உள்ளது என்று அளப்பது அங்கே முதல் வேலை. பாஸ்பேட் உள்ள திரவத்தில் சில மருந்துகளைச் சேர்த்தால் நீல நிறம் தோன்றும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு பாஸ்பேட். 1925-இல் வெளிவந்த இந்த முறை ஃபிஸ்க்-சுப்பாராவ் முறை என்று இருவர் பெயரையும் தாங்கி, உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பரவியது.

அதே முறையைப் பூனையின் தசைச் சாற்றில் செய்து பார்த்தபோதுதான் வேடிக்கை நிகழ்ந்தது. நீலம் உடனே முழுமையாகத் தோன்றவில்லை. நேரம் செல்லச் செல்லக் கூடிக்கொண்டே போயிற்று. வேறு யாராவதாக இருந்தால் சோதனை கெட்டுவிட்டது என்று குழாயைக் கழுவி வைத்திருப்பார்கள். இவர்களோ, தசைக்குள் ஏதோ ஒன்று பாஸ்பேட்டைப் பிடித்துவைத்திருந்து மெல்ல மெல்ல விடுகிறது என்று ஊகித்தனர். அதுவே பாஸ்போகிரியேட்டின். 1927-இல் அதை அறிவித்தார்கள். இங்கிலாந்தில் எக்கிள்டன் தம்பதியரும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டிருந்தனர். தசையை மின்சாரத்தால் வேலை வாங்கினால் இப்பொருள் குறைந்தது. ஓய்வு கொடுத்தால் மீண்டும் சேர்ந்தது.

இதில் என்ன பெருமை என்று கேட்கலாம். தசை சுருங்குவதற்குக் காரணம் லாக்டிக் அமிலம் என்பதே அன்றைய கொள்கை. தசை ஆராய்ச்சிக்காக ஹில், மையர்ஹாஃப் என்னும் இருவர் 1922-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசையே பெற்றிருந்தனர். 1930-இல் டென்மார்க்கின் லுண்ட்ஸ்கார்ட், லாக்டிக் அமிலம் உண்டாகாதபடி நஞ்சூட்டிய தசையும் சுருங்குகிறது என்றும், அப்போது செலவாவது பாஸ்போகிரியேட்டினே என்றும் காட்டினார். பழைய கொள்கை சாய்ந்தது.

ஏ.டி.பி. கிடைத்தது 1929-இல். இதிலும் போட்டி. ஜெர்மனியில் கார்ல் லோமன் ஆகஸ்டில் வெளியிட்டார். ஃபிஸ்க்கும் சுப்பாராவும் அக்டோபரில் வெளியிட்டனர். ஒருவரை ஒருவர் பார்த்து எழுதியதன்று. அப்பொருளின் முழு வேலை அப்போது யாருக்கும் விளங்கவில்லை. 1941-இல் லிப்மன் எழுதிய பிறகே, எல்லா உயிர்களும் ஆற்றலைக் கையாள்வது இதைக் கொண்டுதான் என்பது தெளிவாயிற்று.

அதை எளிதாகச் சொல்லப் பார்க்கிறோம். நாம் உண்ணும் சோற்றின் மாவுச்சத்து பெரிய நோட்டு மாதிரி. பேருந்தில் அதை நீட்டினால் நடத்துநர் சில்லறை கேட்பார் அல்லவா? செல்லும் அப்படித்தான். மைட்டோகாண்ட்ரியா என்னும் சிறு உறுப்புகள் உணவை ஆக்சிஜனுடன் சேர்த்து, அந்த ஆற்றலைக் கொண்டு ஏ.டி.பி. என்னும் சில்லறையாக மாற்றித் தருகின்றன. மூன்று பாஸ்பேட்டுகளில் கடைசி ஒன்று கழலும்போது ஆற்றல் வெளிப்படுகிறது. தசை சுருங்குகிறது, நரம்பு வேலை செய்கிறது. இலையின் பசுங்கணிகமும் சூரிய ஒளியைப் பிடித்து முதலில் ஏ.டி.பி. செய்து, அதைக் கொண்டே சர்க்கரையைக் கட்டுகிறது. ஆனால் சில்லறையைக் கையில் அதிகம் வைத்திருக்க முடியாது. தசையில் உள்ள ஏ.டி.பி. வேகமாக ஓடினால் சில நொடிக்கே வரும். அப்போது உதவுவது பாட்டியின் சுருக்குப்பை போன்ற பாஸ்போகிரியேட்டின். நூறு மீட்டர் ஓட்டத்தில் பெரும்பகுதியை ஓட வைப்பது இதுதான். செலவான ஏ.டி.பி. மீண்டும் மீண்டும் புதுப்பிக்கப்படுவதால், ஒரு மனிதர் ஒரே நாளில் ஏறக்குறையத் தம் எடை அளவுக்கு அதை உண்டாக்கிச் செலவிடுகிறார்!

இவ்வளவு செய்தவருக்கு ஹார்வர்டு நிலையான பதவி தரவில்லை. அதே ஆய்வுக்கூடத்தில் பயின்று, 1988-இல் நோபல் பரிசு பெற்ற ஹிட்சிங்ஸ், சுப்பாராவ் பிரித்தெடுத்த சில பொருள்கள் ஃபிஸ்க்கின் பொறாமையால் வெளிவராமல் போயின என்றும், பின்னர் வேறு சிலர் அவற்றை மறுபடி கண்டுபிடிக்க நேர்ந்தது என்றும் எழுதி வைத்தார். எங்களுக்கு இதைப் படித்தபோது கோபம் வந்தது. சுப்பாராவோ தமக்காக வாதாடும் பழக்கமே இல்லாதவர்.

1940-இல் அவர் லெடர்லி என்னும் மருந்து நிறுவனத்துக்குச் சென்றார். அங்கே அவருடைய குழுவினர் 1945-இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்தனர். உடன்பிறந்தாரைப் பறித்த ஸ்ப்ரூவுக்கு அது மருந்தாயிற்று. யானைக்கால் நோய்க்கான ஹெட்ரசான் மாத்திரையும் அவர் தலைமையில் உருவானதே.

1948 ஆகஸ்டில் ஓர் இரவு, உறக்கத்திலேயே அவர் உயிர் பிரிந்தது. வயது 53. 1922-இல் கப்பலேறியவர் ஒருமுறைகூடத் தாயகம் திரும்பவில்லை. அவருடைய மகன் ஒரு வயது நிரம்புமுன்பே இறந்துபோனான். சேஷகிரி அம்மையாரின் காத்திருப்பு ஏறத்தாழ இருபத்தாறு ஆண்டுகள். சுப்பாராவைப் பற்றிய கட்டுரைகளில் அவருக்கு ஒரு வரிதான் கிடைக்கிறது. நாங்கள் இரண்டு மூன்று வரிகளாவது எழுத எண்ணினோம். அதற்குமேல் எழுத அவரைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த நூல்களில் ஒன்றும் இல்லை.